போலியும் பண்டிகையும்

நன்னூலைப் பாடமாகப் பயின்றவர்களுக்குப் ‘போலி’ என்னும் சொல் இலக்கணமாகவே முதலில் அறிமுகமாகியிருக்கும். அறம் என்பது அறன் என்று வரும், நிலம் என்பது நிலன் என்று வரும், மயல் மையலாகும். ஓர் எழுத்து இருந்த இடத்தில் வேறோர் எழுத்து வந்து அமர்ந்துகொள்ளும், பொருள் மாறாது. கடைத்தெருவில் போலி என்றால் ஏமாற்று. இலக்கணத்தில் போலி என்றால் இடம் நிரப்பல். இவ்விரு பொருளுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்பதை இரண்டாம் உலகப் போர்க்கால இங்கிலாந்தின் சமையற் குறிப்புகளைப் படித்தபோதுதான் நான் எண்ணிப் பார்த்தேன்.

அக்குறிப்புகளில் ‘போலி’ என்றே தமிழாக்கத்தக்க ஓர் அடைமொழி திரும்பத் திரும்ப வருகிறது. போலி வாத்துக்கறி, போலிப் பாலேடு, போலி மர்சிபான் என்று பட்டியல் நீளும். பிரிட்டனில் உணவுப் பங்கீடு 1940 ஜனவரி 8ஆம் நாள் தொடங்கிற்று. 1954 ஜூலை 4ஆம் நாள் இறைச்சி மீதிருந்த கட்டுப்பாடு நீங்கியதோடு முடிவுற்றது. இடையே 14 கிறிஸ்துமஸ்கள் வந்து சென்றன. அவற்றில் கேக் என்ற பெயரும் வடிவமும் பெரும்பாலான வீடுகளில் நிலைத்து நின்றன; உள்ளிருந்த பொருள்கள் ஒவ்வொன்றாக இடம் மாறின. அந்த இடமாற்றத்தின் வரலாறே இக்கட்டுரை.

முதலில் மூலபாடத்தைப் பார்த்துவிடலாம். ஆங்கிலேயரின் கிறிஸ்துமஸ் கேக், நம் ஊர் அடுமனைகளில் கிடைக்கும் மெத்தென்ற கேக் அன்று. உலர்திராட்சைகளும், பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோலும், பட்டை, சாதிக்காய், கிராம்புப் பொடிகளும் மாவைவிட மிகுந்து நிற்கும் கனத்த பண்டம் அது. வாரக்கணக்கில் முன்னதாகவே சுட்டு, பிராந்தி தெளித்து, மூடி வைத்துப் பழக்குவார்கள். பிறகு அதன்மேல் பாதாம் பருப்பையும் சர்க்கரையையும் சேர்த்துப் பிசைந்த மர்சிபானை விரித்து ஒரு போர்வை. அதற்கும் மேலே வெண்சர்க்கரையும் முட்டையின் வெண்கருவும் கலந்த ஐசிங். இத்துடன் உடன்பிறப்பாகக் கிறிஸ்துமஸ் புட்டிங் என்று ஒன்று உண்டு. அது சுடப்படாமல் ஆவியில் மணிக்கணக்காக வேகும்.

புட்டிங் கலவையைக் கிளறுவதற்கு நாள் குறித்திருந்தார்கள். திருவருகைக் காலத்துக்கு முந்திய ஞாயிறு அது. ஆங்கிலிக்கத் திருச்சபையில் அன்று ஓதப்படும் மன்றாட்டு, அடியார்களின் உள்ளத்தைக் கிளர்ந்தெழச் செய்யுமாறு இறைவனை வேண்டித் தொடங்குகிறது. அங்கே வரும் வினைச்சொல்லுக்கு அடுப்படியில் ‘கிளறு’ என்பதும் பொருள். கோயிலில் உள்ளம் கிளர, வீட்டில் மாவு கிளறப்படும். குடும்பத்தார் அனைவரும் ஆளுக்கொரு முறை கரண்டியைச் சுழற்றி மனத்துக்குள் ஒரு வேண்டுதலைச் சொல்லிக்கொள்வர். தமிழில் கிளர்தலும் கிளறலும் இவ்வளவு அருகருகே நிற்பதை நம் கவிஞர்கள் கவனித்திருப்பார்கள்.

இத்தனை பொருள்களும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் ஒரு பேரரசின் கடல்வழிப் படமே விரியும். 1927இல் பேரரசுப் பொருள்களின் விற்பனையைப் பெருக்க அமைக்கப்பட்டிருந்த வாரியம், மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் அரண்மனைத் தலைமைச் சமையற்காரர் தந்த குறிப்பைக் கொண்டு ‘பேரரசுக் கிறிஸ்துமஸ் புட்டிங்’ என்று ஒன்றை விளம்பரப்படுத்தியது. ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஒரு நாட்டின் பெயர். சிறுதிராட்சை ஆஸ்திரேலியாவிலிருந்து, ஆப்பிள் கனடாவிலிருந்து, ரம் ஜமைக்காவிலிருந்து, கிராம்பு சான்சிபாரிலிருந்து, பிராந்தி சைப்ரசிலிருந்து. பட்டை இலங்கையிலிருந்து 2 அவுன்ஸ். இந்தியாவின் பங்கு ஒரு சிறுகரண்டி மசாலாப் பொடி! முப்பது கோடிக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்ட ஒரு நாடு அந்தப் பண்டிகைக்குள் நுழைய ஒரு கரண்டி அளவே இடம் கிடைத்தது என்பதைச் சிரித்துக்கொண்டே படிக்கலாம்; சிரிக்காமலும் படிக்கலாம்.

1939 செப்டம்பரில் போர் மூண்டதும் இந்தப் படத்தின் கோடுகள் அறுபடத் தொடங்கின. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அட்லாண்டிக் கடலில் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தன. கப்பலில் எஞ்சிய ஒவ்வோர் அடி இடமும் படைக்கலத்துக்கும் கோதுமைக்கும் தேவைப்பட்டது. திராட்சையும் பாதாமும் யாருக்கு வேண்டும்? முதல் நாளிலேயே வெண்ணெயும் பன்றி இறைச்சியும் சர்க்கரையும் பங்கீட்டுக்குள் வந்தன. சர்க்கரை ஆளுக்கு வாரம் 12 அவுன்ஸ் என்று தொடங்கி, சில மாதங்களில் 8 அவுன்ஸாகக் குறைந்தது. வெண்ணெய் 4 அவுன்ஸிலிருந்து இறங்கிப் பெரும்பகுதி காலம் 2 அவுன்ஸில் நின்றது. முட்டை வாரத்துக்கு ஒன்று, அதுவும் கிடைத்தால்தான்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நடுத்தர அளவிலான பழைய முறைக் கேக் ஒன்றுக்கு ஏறத்தாழ அரைப் பவுண்டு வெண்ணெயும், அரைப் பவுண்டு சர்க்கரையும், நான்கு முட்டைகளும் வேண்டும். நால்வர் அடங்கிய குடும்பத்தின் ஒரு வார வெண்ணெய் முழுவதும் அதற்கே சரியாகப் போய்விடும், முட்டைகளும் அப்படியே. ஐசிங்குக்கான ஒரு பவுண்டுச் சர்க்கரையைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. கேக்கின் மேற்புறத்தில் சர்க்கரைப் பூச்சிட்டு விற்பதை அரசு 1940லேயே தடை செய்துவிட்டது. உலர்ந்த பழங்கள் 1942 தொடக்கத்தில் ‘புள்ளி’ முறைக்குள் வந்தன. நான்கு வாரத்துக்கு இத்தனை புள்ளி என்று தருவார்கள். டப்பா மீனை வாங்குவதா, திராட்சையை வாங்குவதா என்று இல்லத்தரசி கடைக்கதவருகே நின்று முடிவு செய்யவேண்டும். ஆகவே டிசம்பரில் கேக் சுட விரும்பியவள் செப்டம்பரிலேயே சேமிக்கத் தொடங்கினாள். தேநீரில் சர்க்கரை இல்லாமல் குடித்த கோப்பைகளின் எண்ணிக்கைதான் அந்தக் கேக்கின் இனிப்பு.

இனிப் போலிக்கு வருவோம். பாதாம் இல்லை, ஆகவே சோயா மாவை மார்ஜரினும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து, பாதாம் எசன்ஸ் சில துளி விட்டு விரித்தார்கள். சோயா கிடைக்காத வீட்டில் ரவையோ அரிசி மாவோ அவ்விடத்தைப் பிடித்தது. இனிப்புக்குத் துருவிய கேரட். திராட்சைக்கு ஈடாகப் பொடியாக நறுக்கிய உலர்பிளம். ஈரப்பதத்துக்குத் துருவிய ஆப்பிள். பிராந்திக்கு மாற்றாக ஆறிய தேநீர். கேக்குக்குக் கருநிறம் வரவேண்டுமே! திராட்சையும் கரும்புப் பாகும் தரவேண்டிய நிறத்தை, இறைச்சிக் குழம்புக்குச் சேர்க்கும் பழுப்புச் சாயத்தைச் சிறிதளவு விட்டு வருவித்துக்கொண்டார்கள். பாலேட்டுக்கு மார்ஜரின், பால்பொடி, சோளமாவு. முட்டைக்கு, 1942 முதல் அமெரிக்காவிலிருந்து வந்த முட்டைப் பொடி: ஒரு மேசைக்கரண்டிப் பொடியும் இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரும் சேர்ந்தால் ஒரு முட்டை என்று வாய்பாடு. 12 முட்டைக்கு ஈடான ஒரு பெட்டி, நான்கு வாரத்துக்கு ஒரு முறை. ஓடும் நீரும் கப்பலில் இடம் அடைக்கும் என்பதால் அவ்விரண்டையும் அமெரிக்காவிலேயே விட்டுவிட்டு வந்த முட்டை அது.

மேசை அலங்காரத்துக்கும் வழி சொன்னார்கள். ஹோலி இலைக்கொத்தை எப்சம் உப்பின் செறிந்த கரைசலில் தோய்த்து உலர்த்தினால், உறைபனி படிந்ததுபோல் மின்னும் என்றது ஓர் அரசு வெளியீடு. வயிற்றைச் சுத்தம் செய்ய வாங்கி வைத்த பேதி உப்பு பண்டிகைப் பனியாகிவிட்டது! இக்குறிப்பை எழுதிய அலுவலரை எனக்குப் பிடித்திருக்கிறது. அரசாங்கத் தாளில் அவர் ஒரு வரி கவிதை எழுதியிருக்கிறார். தமக்கே தெரியாமல் எழுதியிருக்கவும் கூடும்.

இவற்றையெல்லாம் வீடுதோறும் கொண்டு சேர்த்தது உணவு அமைச்சு. அமைச்சு என்ற சொல்லே அமச்சு என்பதன் இடைப்போலி என்று பாடநூல்கள் காட்டுவதை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. 1940 ஏப்ரலில் அத்துறையை ஏற்ற வூல்டன் பிரபு, அரசியலுக்கு முன்பு பெரிய பல்பொருள் அங்காடிகளை நடத்தியவர். பொருளைவிட அதைப் பற்றிய பேச்சு எவ்வளவு முக்கியம் என்று அறிந்தவர். 1940 ஜூன் முதல் பி.பி.சி. வானொலியில் ‘சமையற்கட்டுப் போர்முனை’ என்று பொருள்படும் தலைப்பில் காலைதோறும் சில நிமிடங்கள் சமையல் ஆலோசனை ஒலித்தது. கேரட்டுக்கு ஒரு டாக்டர் வேடமும் உருளைக்கிழங்குக்கு ஒரு பெயரும் சூட்டிச் சித்திரங்கள் வெளிவந்தன. மார்கரீட் பேட்டன் போன்ற சமையற்கலை அறிஞர்கள் ஊர் ஊராகச் சென்று செய்முறை காட்டினர். 1915இல் பிறந்து 2015இல் மறைந்த அந்த அம்மையார், போர்க்காலக் குறிப்புகளைத் தொகுத்து 1985இல் நூலாகவும் வெளியிட்டார்.

இந்தக் கூட்டு முயற்சியைப் பின்னாளில் பலரும் புகழ்ந்தார்கள். ஏழையும் செல்வரும் ஒரே அளவு சர்க்கரை உண்டார்கள், நாட்டின் உடல்நலம் கூட முன்னேறியது என்றெல்லாம் எழுதினார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. பணம் உள்ளவர் உணவகத்துக்குச் சென்று பங்கீட்டு அட்டையில்லாமலேயே உண்ணலாம். 1942இல் அதற்கு 5 ஷில்லிங் என்று உச்சவிலை விதித்தார்கள், அவ்வளவே. கடைக்காரர் மேசைக்கடியில் எடுத்து வைத்த பொருளும் அறிந்தவர்க்குக் கிடைத்தது. பங்கு என்னவோ தலைக்கு ஒன்றுதான். ஆனால் பல வீடுகளில் தாயின் பங்கு கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் போயிற்று. போலிகளின் சாதுரியத்தை வியக்கும்போது, அதைச் செய்ய வரிசையில் நின்ற கால்களையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

போலிக்கு ஓர் எல்லையும் உண்டு. அது தெளிவாகத் தெரிவது திருமண விருந்துகளில். அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் வெண்ணிறக் கேக். தூண்கள், மலர்கள், சுருள் வேலைப்பாடுகள் எல்லாம் இருக்கும். கிட்டப் போனால் அட்டை! அட்டையாலோ சுண்ணச்சாந்தாலோ செய்த கூட்டை அடுமனையிலிருந்து வாடகைக்கு எடுத்து வருவார்கள். புகைப்படம் எடுத்ததும் கூட்டைத் தூக்கினால் உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஐசிங் இல்லாத ஒரு பழுப்புக் கேக் இருக்கும். மறுநாள் அந்தக் கூடு வேறொரு மணமக்களுக்குப் போகும். சோயா மர்சிபானை வாயில் இட்டுச் சுவைக்கலாம். எழுத்து மாறினாலும் ஏதோ ஒரு பொருள் நாவில் நிற்கும். அட்டைக் கேக்கில் எழுத்து மட்டுமே நின்றது. ஆயினும் அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. விமானங்கள் குண்டு பொழிந்த நகரங்களில், விடுப்பு முடிந்து மறுவாரமே போர்முனைக்குத் திரும்பவேண்டிய மணமகனின் பக்கத்தில் நின்ற கூடு அது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடந்தால் கட்டுரை நேர்மையாக இராது. ‘ரேஷன்’ என்ற சொல்லும், இலங்கைத் தமிழரிடையே ‘கூப்பன்’ என்ற சொல்லும் நம் பேச்சில் வேரூன்றியது இதே போரின் விளைவாகத்தான். பேரரசு ஒன்றே, பற்றாக்குறை ஒன்றல்ல. 1943இல் வங்கத்தில் பஞ்சம் மூண்டது. இறந்தோர் 30 லட்சம் அளவில் இருக்கலாம் என்பது பலரும் ஏற்றுக்கொண்ட மதிப்பீடு. தானியம் வேண்டி இந்தியாவிலிருந்து சென்ற வேண்டுகோள்களுக்கு லண்டன் போர் அமைச்சரவை போதிய கப்பல்களை ஒதுக்கவில்லை. 1927இன் புட்டிங்கில் ஒரு கரண்டி இடம் பெற்றிருந்த நாட்டுக்கு, 1943இன் கப்பல்களில் கிடைத்த இடமும் அவ்வளவுதான். இங்கிலாந்தில் ஒரு பொருளுக்குப் பதில் இன்னொரு பொருள் இருந்தது. வங்கத்துக் கிராமத்தில் அரிசிக்குப் பதில் எதுவும் இல்லை.

ஒன்றுமே இல்லாத இடத்திலும் கேக் செய்தவர்கள் உண்டு. அவர்கள் அதைச் சொற்களால் செய்தார்கள். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஐரோப்பியக் குடிமக்களாகிய பெண்களும் குழந்தைகளும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். அங்கே எத்தல் மல்வனி என்னும் கனடிய மாது, பசியால் வாடிய பெண்களைக் கூட்டி வைத்து, அவரவர் வீட்டுச் சமையற் குறிப்புகளைச் சொல்லச் செய்து எழுதி வைத்தார். மாவு இத்தனை, வெண்ணெய் இத்தனை, அடுப்பில் இத்தனை நேரம் என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் திருத்துவார்கள். அளவில் தவறு இருந்தால் விடமாட்டார்கள். சோற்றுக் கஞ்சியைத் தவிர எதையும் காணாதவர்கள் வெண்ணெயின் அளவுக்காக வாதாடியிருக்கிறார்கள். அந்தத் தொகுப்பை மல்வனி 1946இல் கனடாவில் நூலாக அச்சிட்டு விற்று, வந்த பணத்தைக் கொண்டு முன்னாள் போர்க்கைதிகளுக்கு உணவுப் பொருள்கள் அனுப்பினார். நம் வட்டத்தின் கூட்டங்களில் கவிதை வாழ்வுக்கு என்ன பயன் என்ற கேள்வி எழும்போதெல்லாம் அந்தச் சிறைக்கூடத்து வாதம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

போர் 1945இல் முடிந்தது, பற்றாக்குறை முடியவில்லை. போர்க்காலத்திலேயே பங்கீட்டுக்குள் வராதிருந்த ரொட்டி, 1946 ஜூலையில் உள்ளே வந்து இரண்டு ஆண்டுகள் இருந்தது. 1947இன் தொடக்கத்தில் கடும் பனி நாட்டையே முடக்கியது. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இருந்த உறவினர் அனுப்பிய பொட்டலங்களில் டப்பாக் கேக்கும் திராட்சையும் வந்து சேர்ந்தன. வெற்றி பெற்ற நாட்டில், தோல்வியுற்றவர்போல் பொட்டலத்தை எதிர்பார்த்திருந்த கசப்பு அந்த ஆண்டுகளின் எழுத்தில் எங்கும் படிந்திருக்கிறது.

அந்தக் குளிர்காலத்தில், ராஸ்-ஆன்-வை என்ற சிற்றூரின் விடுதி ஒன்றில் தங்கியிருந்த எலிசபெத் டேவிட், போர்க்காலத்தை மத்தியதரைக் கடல் நாடுகளிலும் எகிப்திலும் கழித்துவிட்டு வந்தவர். விடுதி உணவின் கொடுமை தாங்காமல், தாம் உண்டு பழகியவற்றின் பெயர்களைத் தாளில் எழுதத் தொடங்கினார். எலுமிச்சை, பாதாம், வெண்ணெய் என்று எழுதுவதே அன்றைய இங்கிலாந்தில் ஏதோ தகாத சொற்களை எழுதுவதுபோல் இருந்தது என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அக்குறிப்புகள் வளர்ந்து 1950இல் மத்தியதரைக் கடல் உணவு பற்றிய நூலாக வெளிவந்தபோது, அதில் கண்ட பல பொருள்கள் வாசகர்க்குக் கடையில் கிட்டவே இல்லை. ஆயினும் வாங்கிப் படித்தார்கள். சமைக்க முடியாத சமையல் நூல் ஒரு தலைமுறையின் நாவை மாற்றிற்று என்பது இலக்கிய வரலாற்றில் சேரவேண்டிய செய்தி.

பிறகு கட்டுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. உலர்பழங்கள் உள்ளிட்ட புள்ளி முறை 1950இல் நீங்கியது. மிட்டாய்க் கட்டுப்பாடு 1949இல் ஒருமுறை எடுக்கப்பட்டு, தேவையைச் சமாளிக்க முடியாமல் சில மாதங்களிலேயே திரும்ப வந்து, 1953 பிப்ரவரி 5ஆம் நாள் முற்றாக நீங்கியது. சிறுவர்கள் கையில் காசோடு கடைவாசலில் குவிந்தார்கள். முட்டை மார்ச்சில். ஜூனில் அரசியின் முடிசூட்டு விழாவுக்காக ஆளுக்கு ஒரு பவுண்டுச் சர்க்கரை கூடுதலாகத் தந்தார்கள். செப்டம்பர் 27இல் சர்க்கரையே விடுதலை பெற்றது. வெண்ணெய்க்கு 1954 மே வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அந்த ஜூலையில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் இல்லத்தரசிகள் கூடி விழா எடுத்தனர்.

இன்று பழைய வாழ்த்து அட்டைகளிலும் மகளிர் இதழ்களிலும் நாம் காணும் ஐம்பதுகளின் கிறிஸ்துமஸ் கேக் இதற்குப் பிறகு வந்தது. கத்திமுனையால் ஐசிங்கைக் கொத்திக் கொத்தி எழுப்பிய பனிச்சிகரங்கள். அவற்றினிடையே சுண்ணச்சாந்தால் செய்த ஒரு செம்மார்புச் சிட்டு, ஒரு பனிமனிதன், ஒரு குட்டி ஊசியிலை மரம். சுற்றிலும் சிவப்புக் காகிதக் கச்சை. அந்தப் படங்களில் தென்படும் மிகையை அழகுணர்ச்சிக் குறைவு என்று சொல்பவர்கள் உண்டு. நானும் அப்படி எண்ணியிருந்தேன். 14 ஆண்டு அட்டையையும் உப்பையும் பார்த்த கண்கள் கொஞ்சம் மிகையாகச் சர்க்கரையைக் கொட்டியதில் வியப்பென்ன?

ஆனால் 1940இல் பிறந்த குழந்தை ஒன்றை எண்ணிப் பார்க்கிறேன். 1954 கிறிஸ்துமஸின்போது அதற்கு வயது 14. அதன் நாவுக்கு மர்சிபான் என்றால் சோயா மாவும் எசன்ஸும்தான். கேக் என்றால் கேரட் துருவலின் ஈரந்தான். மூத்தவர்கள் முகம் மலர, உண்மையான பாதாம் போர்த்திய துண்டு தட்டில் வருகிறது. அதற்கு அது மூலமா, போலியா? நம்மில் யாரும் இன்று அமச்சு என்று எழுதுவதில்லை. எழுதினால் பிழை என்று திருத்தி அனுப்புவார்கள்.

பண்டிகை முடிந்ததும் சிட்டையும் பனிமனிதனையும் கழுவித் துடைத்துத் தாளில் சுற்றித் தகரப் பெட்டியில் போட்டு வைப்பது அந்த வீடுகளின் வழக்கம். 1938இலோ 1939இலோ வாங்கிய பொம்மைகளைப் பத்திரப்படுத்தி வைத்திருந்த வீடுகளில், பொன்னிறம் மங்கிய, அலகு சற்றே உதிர்ந்த அந்தச் சிட்டைத்தான் 1954 டிசம்பரில் எடுத்து, புதுச் சர்க்கரையின்மேல் நிறுத்தினார்கள்.